லீவர் ஆக்ஷன் ரைஃபிள் காலிபர்: ரீலோடிங் செலவுன்னு வரும்போது நாம பண்ற தப்புங்க

லீவர் ஆக்ஷன் (கீழ இருக்கிற நெம்புகோலை ஆட்டி அடுத்த தோட்டாவை ஏத்துற ரைஃபிள்) வாங்கப்போறேன், எந்த காலிபர் (தோட்டா அளவு) எடுத்தா ரீலோட் பண்ண, அதாவது சுட்ட தோட்டாவோட காலிக் கூட்டை வீட்டுல மறுபடி நிரப்ப, சீப்பா வரும்னு கேக்குறவங்கள்ல பாதிப் பேர் மனசுல ஏற்கனவே .45-70-ன்னு முடிவு பண்ணிட்டு, நம்ம வாயால "சரி"ன்னு ஒரு வார்த்தை வாங்கத்தான் வர்றாங்க. நானும் அப்படி முடிவு பண்ணவன்தான், அதனால குத்தம் சொல்லல. ஆனா காசு கணக்கு தனி, ஆசை தனி, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பினா கையைக் கடிக்கும். (உங்க ஊர்ல வீட்டுல ரீலோட் பண்ண சட்டம் விடுதா, பவுடர், ப்ரைமர் வச்சிக்க தனி அனுமதி வேணுமான்னு முதல்ல பாத்துக்குங்க, அது இல்லாம மிச்சத்தைப் பேசி பிரயோஜனம் இல்ல.)

எல்லாரும் பண்ற முதல் தப்பு, கடையில விக்கிற தோட்டா விலையை வச்சு மிச்சத்தைப் பாக்குறது. .45-70 கடைத் தோட்டா விலை அதிகம், அதனால வீட்டுல போட்டா ஒவ்வொரு ரவுண்டுக்கும் மிச்சமாகுறதும் அதிகமாத் தெரியும், உடனே இதுதான் லாபம்னு மனசு சொல்லும். மிச்சம் அதிகம்தான், ஆனா செலவும் அதிகம், அதைத்தான் யாரும் பாக்குறதில்ல. .357 மாதிரி சின்ன காலிபர்ல ஒரு ரவுண்டுக்கு மிச்சம் கம்மியா இருக்கலாம், ஆனா பாக்கெட்ல இருந்து போறது .45-70-ஐவிடக் கம்மி.

கணக்கு எப்படிப் போடணும்னா, ஒரு தோட்டாவுல நாலு சாமான்: கேஸ் (வெளிப் பித்தளைக் கூடு), ப்ரைமர் (கேஸ் அடியில இருந்து தீ மூட்டுற சின்னக் குப்பி), பவுடர் (வெடிமருந்து), புல்லட் (பறந்து போற குண்டு). கேஸ் திரும்பி வரும், அது முதலீடு மாதிரி. ப்ரைமர் எந்த காலிபர் எடுத்தாலும் தோட்டாவுக்கு ஒண்ணுதான், வகை மாறினாலும் விலையில பெரிய வித்தியாசம் இல்ல. மிஞ்சுறது பவுடரும் புல்லட்டும், காலிபர் மாறும்போது இந்த ரெண்டுலதான் காசு ஏறி இறங்குது.

பவுடர், புல்லட் எடையை கிரெய்ன்லதான் சொல்வாங்க, ஒரு பவுண்டுல 7000 கிரெய்ன். .38 ஸ்பெஷல் லேசான லோடுக்கு (லோடுன்னா ஒரு தோட்டாவுல போடுற அளவு) அஞ்சு கிரெய்ன்னு வச்சா அந்த ஒரு டப்பாவுல 1400 ரவுண்டு. .357 மேக்னம் முழு லோடுக்கு மெதுவா எரியுற பவுடர்ல பதினஞ்சு கிரெய்ன் போச்சுன்னா 460-க்கு மேல வரும். .30-30-க்கு முப்பது கிரெய்ன்னு போட்டா 230 சொச்சம், .45-70-க்கு அம்பது கிரெய்ன்னு போட்டா 140-தான். (இதெல்லாம் கணக்குக்காகச் சொல்ற தோராயம், இதையே லோடு டேட்டான்னு எடுத்துக்காதீங்க, லோடு எப்பவும் ரீலோடிங் மேனுவல்ல இருந்துதான்.) ஈயமும் அதே கதைதான். வீட்டுல வார்த்தா ஒரு பவுண்டு ஈயத்துல 158 கிரெய்ன் புல்லட் 44 வரும், 240 கிரெய்ன்ல 29, .45-70-க்கு 405 கிரெய்ன் வார்த்தா பதினேழு. பதினேழே பதினேழு! ஈயம் ஓசியில கிடைக்கிறவனுக்குக்கூட அடுப்புப் பக்கத்துல நிக்கிற நேரம்னு ஒண்ணு இருக்கே.

அடுத்தது .30-30. இது 1895-ல வின்செஸ்டர் கொண்டு வந்தது, 1894 மாடல் ரைஃபிளுக்கு, இன்னிக்கும் லீவர் ஆக்ஷன்னா பலருக்கு இதுதான். இதுல விழற தப்பு என்னன்னா, புல்லட் விட்டம் .308 அங்குலம், .308 வின்செஸ்டருக்கும் .30-06-க்கும் போடுற அதே விட்டம், அப்போ மூட்டை மூட்டையா சீப்பா கிடைக்கிற .30 காலிபர் புல்லட் எல்லாம் நமக்குத்தான்னு நினைச்சிடுறாங்க. இல்ல. டியூப் மேகசின்ல (பேரலுக்குக் கீழ இருக்கிற தோட்டாக் குழாய்) தோட்டா ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா படுத்திருக்கும், பின்னாடி தோட்டாவோட முனை முன்னாடி தோட்டாவோட ப்ரைமர் மேல உக்காந்திருக்கும். கூர்முனை புல்லட் போட்டு, சுடும்போது வர்ற உதைப்புல அந்த முனை ப்ரைமரைக் குத்திச்சுன்னா மேகசின் உள்ளேயே வெடிக்கும், கை அங்கதான் பிடிச்சிருக்கும். அதனால தட்டை முனை இல்ல உருண்டை முனைதான், இல்லன்னா ஹார்னடி கொண்டு வந்த மெத்து முனை எஃப்டிஎக்ஸ், அதுவும் சீப் இல்ல. சல்லிசா கிடைக்கிற மொத்த விலை புல்லட்ல பெரும்பாலானது கூர்முனைதான், ஆக .30-30-க்குப் பொருந்துற வகையை எண்ணிப் பாத்தா கை விரல்ல அடங்கிடும். ரேஞ்சுல ஒண்ணொண்ணா சேம்பர்ல (பேரல் பின்முனையில தோட்டா உக்கார்ற இடம்) போட்டுச் சுடுறவன் கூர்முனை போடலாம், ஆனா அதுக்கு எதுக்குங்க லீவர் ஆக்ஷன்.

அந்த சீப் புல்லட்தான் வேணும்னா பிரௌனிங் பிஎல்ஆர், பழைய சாவேஜ் 99 மாதிரி டியூப் இல்லாத ரைஃபிள்ல .308 எடுக்கலாம், கேஸ் எங்க பாத்தாலும் கிடைக்கும். ஆனா போல்ட் ஆக்ஷன் (கைப்பிடியைத் திருகி ஏத்துற ரைஃபிள்) காரங்க சொல்ற "கழுத்தை மட்டும் சைஸ் பண்ணு, கேஸ் நிறைய நாள் வரும்" வேலை இங்க ஆகாது (சைஸ்னா சுட்டு விரிஞ்ச கேஸை டைங்கிற அச்சுல அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டு வர்றது). போல்ட்டுக்கு இருக்கிற திருகி உள்ள தள்ளுற பலம் லீவருக்குக் கிடையாது, கேஸ் கொஞ்சம் இறுக்கமா இருந்தாலும் லீவர் மூடாது, ஒவ்வொரு தடவையும் முழு சைஸ்தான். சாவேஜ் 99, வின்செஸ்டர் 94 மாதிரி போல்ட்டோட பின்பக்கம் பூட்டுற டிசைன்ல இன்னொரு கொசுறு, சுடும்போது ஆக்ஷன் கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும், கேஸ் நீளும், அதை வெட்டணும், நாலஞ்சு ஃபயரிங்க்கு அப்புறம் கேஸ் அடிப்பக்கம் பளபளன்னு வளையம் தெரியுதான்னு பாக்கணும், தெரிஞ்சா தூக்கிப் போட்டுடணும். பிஎல்ஆர்-ல போல்ட் முன்பக்கமே சுத்திப் பூட்டும், அந்தப் பிரச்சனை இல்ல.

கேஸ் கிடைக்காத காலிபர்ல மாட்டுறது இன்னொண்ணு, இது ரொம்ப அமைதியா நடக்குற தப்பு. பழைய மார்லின் 336 ஒண்ணு நல்ல விலைக்கு வரும், பாத்தா .35 ரெமிங்டன். அருமையான ரவுண்டு, 1906-ல இருந்து இருக்கு, ஆனா அதோட அடிவட்டம் வேற எந்தக் கேஸோடயும் சேராது, வேற கேஸை மாத்திச் செய்யவும் சுலபமான வழியில்ல, காலி கேஸ் வரும்போது வாங்கிப் போட்டாத்தான் உண்டு. .32 வின்செஸ்டர் ஸ்பெஷல்ல கேஸைக்கூட .30-30-ல இருந்து பண்ணிக்கலாம், புல்லட் .321 அங்குலம், அதைத் தேடி அலையணும். .307 வின்செஸ்டர், .356 வின்செஸ்டர், .308 மார்லின் எக்ஸ்பிரஸ் எல்லாம் இதே ஜாதி. ரைஃபிள்ல மிச்சம் பிடிச்ச காசு கேஸ்ல போகும், சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு சொல்றது இதுக்குத்தான். இந்த மாதிரி ஒண்ணு எடுத்தே ஆகணும்னா, ரைஃபிளுக்குக் காசு கொடுக்குறதுக்கு முன்னாடி இருநூறு கேஸ் கைக்கு வந்திருக்கணும், நான் அப்படித்தான் சொல்வேன்.

கவ்பாய் பேரைப் பாத்து மயங்குறவங்க .45 கோல்ட், .44-40-ன்னு போவாங்க. .44-40-ல கேஸ் வாய் காகிதம் மாதிரி மெல்லிசு, டைக்குள்ள கொஞ்சம் கோணலாப் போனாலும் நசுங்கிடும், அதுவும் லேசா கழுத்து இருக்கிற கேஸ், லூப் (வழுக்குறதுக்குப் போடுற எண்ணெய்) தடவித்தான் ஆகணும். .45 கோல்ட் நேர் கேஸ், அந்தக் கஷ்டம் இல்ல, ஆனா அதோட ஸ்டாண்டர்ட் ப்ரஷர் 14,000 பிஎஸ்ஐதான், லேசா லோடு பண்ணா கேஸ் வாய் விரிஞ்சு சேம்பரை அடைக்காது, புகையும் கரியும் பின்னாடி ஆக்ஷனுக்குள்ள வந்துடும். அதைத் தவிர்க்க லோடை ஏத்தலாம்னு பாத்தா, மேனுவல்ல இருக்கிற உயர்ந்த .45 கோல்ட் லோடு எல்லாம் பலமான துப்பாக்கிகளுக்கு மட்டும், 1873 மாடல் நகல் ரைஃபிள்ல போடவே கூடாது, அந்த டாகிள் ஆக்ஷன் தாங்காது.

.45-70-ல இதே விஷயம் இன்னும் சீரியஸ். 1873-ல வந்த ரவுண்டு, அதனால மேனுவல்ல மூணு அடுக்கா டேட்டா இருக்கும்: பலம் கம்மியான பழைய ட்ராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளுக்கு ஒண்ணு, மார்லின் 1895 மாதிரி லீவருக்கு ஒண்ணு, ரூகர் நம்பர் 1 மாதிரி பலமான சிங்கிள் ஷாட்டுக்கு ஒண்ணு. பக்கம் மாத்திப் பாத்தா காசு மட்டும் போகாது. ஒண்ணு மட்டும் அதுக்கு சாதகமாச் சொல்லணும், ட்ராப்டோர் லெவல்ல ஈய புல்லட் போட்டு சுட்டா கேஸ் ரொம்ப நாள் உழைக்கும், தோளும் தாங்கும். அப்படிச் சுட மனசிருந்தா .45-70 அவ்வளவு மோசமில்ல, ஆனா பெரும்பாலானவங்க அதை வாங்குறதே பீரங்கி மாதிரி உதைக்கணும்னுதான்.

என் கையில நடந்த ஒண்ணு சொல்றேன். கடைத் தோட்டா சுட்ட கேஸும் தனியா வாங்குன கேஸும் கலந்து ஒரு டப்பாவுல போட்டு வச்சிருந்தேன், எல்லாம் .45-70-தானேன்னு. லோடு பண்ணி முடிச்சு, க்ரிம்ப் (கேஸ் வாயைப் புல்லட் மேல மடக்கி இறுக்குறது) பிடிச்சிருக்கான்னு பாக்க ஒரு தோட்டாவை மேசை விளிம்புல புல்லட் முனையை வச்சு அழுத்தினேன், புல்லட் அசையாம நின்னுச்சு, அடுத்ததை அழுத்தினா வெண்ணெயில விரல் இறங்குற மாதிரி உள்ள இறங்கிடுச்சு. வெர்னியர் அளவுகோலை எடுத்து காலி கேஸை அளந்தா, ஒண்ணு 2.105 அங்குலத்துக்கிட்ட, இன்னொண்ணு 2.040. ஹார்னடி லெவரெவல்யூஷன் தோட்டாவுல மெத்து முனை புல்லட் நீளத்துக்காக கேஸையே குட்டையா பண்ணியிருப்பாங்க, நான் பெருசுக்கு செட் பண்ண க்ரிம்ப் குட்டையைத் தொடவே இல்ல. டியூப்ல பின்னாடி இருக்கிற தோட்டா எல்லாம் ஸ்பிரிங்ல அழுத்தி, உதைப்புல இடிச்சுக்கிட்டு இருக்கும், க்ரிம்ப் இல்லாத புல்லட் கேஸுக்குள்ள போச்சுன்னா ப்ரஷர் ஏறும். அம்பது ரவுண்டையும் உக்காந்து பிரிச்சேன். இப்போ டப்பா தனி, பேனா போட்டு எழுதியிருக்கு.

வார்ப்பு புல்லட்தான் சீப்னு அச்சு வாங்க ஓடுறவங்க முதல்ல பேரலை அளக்கணும். மெத்தான ஈயத்தை பேரல் வழியா தட்டி இறக்கி மைக்ரோமீட்டர்ல அளந்தா போதும், அரை மணி நேர வேலை. மார்லின் .44 மேக்னம் சிலதுல உள் விட்டம் .431 வரைக்கும் இருக்கும், அதுல .429 வார்ப்பு புல்லட் போட்டா சூடான வாயு ஓரமா கசிஞ்சு பேரல் பூரா ஈயம் பூசிக்கும். உள் காடி ஆழம் கம்மியான மைக்ரோகுரூவ் பேரலும் அப்படித்தான், கொஞ்சம் பெருசா, கொஞ்சம் கெட்டியா வார்த்தாத்தான் பிடிக்கும். அச்சு தப்பான சைஸ்ல வாங்குனா மறுபடி ஒரு அச்சு, ஒரு சைசர் (புல்லட்டை அளவுக்கு அழுத்துற கருவி), அப்புறம் வேகம் ஏத்தணும்னா கேஸ் செக்னு புல்லட் அடியில மாட்டுற செம்பு மூடி, "ஓசி" புல்லட்டுக்கு வில்லங்கம் வரிசையா வரும்.

பவுடர்ல ஒரே தப்பை மட்டும் சொல்லிடுறேன். எச்110, வின்செஸ்டர் 296, ரெண்டும் ஒரே பவுடர்தான், டப்பா தான் வேற. மேக்னம் முழு லோடுக்கு சூப்பர், ஆனா மிச்சம் பிடிக்கிறேன்னு இதைக் கம்மியாப் போட்டா சரியா எரியாது, புல்லட் பேரல்லயே நின்னுடும் அபாயம் இருக்கு. லேசா சுடணும்னா அதுக்கான வேகமா எரியுற பவுடர் தனி. ரைஃபிள் கேஸ்னா எச்4895 இருக்கு, ஹாட்ஜ்டன் கம்பெனியே அதை மேக்ஸிமத்துல 60 சதவீதம் வரைக்கும் இறக்கலாம்னு சொல்லுது.

அப்போ நான் எதைச் சொல்றேன்னா, நிறைய சுடணும், காசும் கம்மியா ஆகணும்னா .357, யோசிக்கவே வேணாம். கார்பைடுங்கிற கெட்டியான பொருள்ல செஞ்ச டை போட்டா லூப் வேலையே இல்ல, .38 ஸ்பெஷல் கேஸும் ஓடும் (ரொம்ப .38 சுட்டா சேம்பர்ல கரி வளையம் கட்டும், .357 போடுறதுக்கு முன்னாடி தேச்சு எடுத்துடுங்க), நீள பேரல்ல மெதுவான பவுடர் போட்டா கைத்துப்பாக்கியைவிட வேகமும் நல்லா ஏறும். ஒரே எச்சரிக்கை, சதுரத் தோள் இருக்கிற செமி வாட்கட்டர் புல்லட் ஆயிரம் வாங்குறதுக்கு முன்னாடி பத்து போட்டு ஓட்டிப் பாருங்க. சில ரைஃபிள்ல அந்தத் தோள் சேம்பர் வாய்ல இடிச்சு லீவர் பாதியில நிக்கும், நீளம் ரொம்பக் கம்மியா இருந்தா தோட்டாவைத் தூக்கிக் கொடுக்குற கேரியர்ல அடுத்த தோட்டாவும் எட்டிப் பாக்கும், ரெண்டும் சிக்கிக்கும்.

வருஷத்துக்கு நாப்பது ரவுண்டு வேட்டைக்கு மட்டும் சுடுறவங்க .30-30 எடுத்து கடைத் தோட்டாவே வாங்கிக்கங்க, பிரஸ்ஸும் டையும் தராசும் வாங்குன காசை நாப்பது ரவுண்டுல எடுக்க பல வருஷம் ஆகும். பொழுதுபோக்கா பண்றேன்னா அது வேற, அப்போ செலவைப் பத்திப் பேசவே வேணாம்.

இன்னொண்ணு, யாரும் கணக்குல சேக்காதது, தொலையுற கேஸ். பழைய வின்செஸ்டர் 94 மேல தூக்கி எறியும், மார்லின் பக்கவாட்டுல, புல்லுக்குள்ள விழுந்தா போச்சு. நிதானமா சுடும்போது லீவரை மெல்லத் திறங்க, கேஸ் விளிம்புக்கு வந்து நிக்கும்போது விரல்ல எடுத்துடலாம். வேகமா சுடணும்னா வலது பக்கம் ஒரு பழைய போர்வையை விரிச்சுடுங்க, .357-னா ரெண்டு போனாலும் பரவால்ல, .35 ரெமிங்டன்னா முட்டி போட்டுத் தேடுவீங்க, நான் தேடியிருக்கேன்.