வளவிலிருந்து தொடங்குவோம்: யாழ்ப்பாணத்தின் ஊர்ப்புற உயிரினங்களைப் பதிவுசெய்யும் முறை

யாழ்ப்பாணத்தில் பறவை பார்ப்பது என்றதும் பலருக்கும் சுண்டிக்குளமும் மண்டைதீவுப் பக்கத்துக் கடல்நீரேரியுமே நினைவுக்கு வருகின்றன. சுண்டிக்குளம் 1938 இல் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம் என்பதால், அங்கு போகிறவர்கள் படம் எடுக்கிறார்கள், குறிப்பும் எழுதுகிறார்கள். ஆனால் கொக்குவிலிலும் திருநெல்வேலியிலும் கோண்டாவிலிலும் நம் வீட்டு வளவுகளில், ஒழுங்கை வேலிகளில், கோயிற் கேணிகளில் வாழும் உயிர்களைப் பற்றிப் பெரும்பாலும் எவரும் எழுதிவைப்பதில்லை. கிளுவைக் கதியால் வேலி போய் மதில் எழும்பிய பிறகு, அங்கு திரிந்த புலுனிக் (தவிட்டுக்குருவி) கூட்டம் எங்கே என்று கேட்டால், "முன்னம் நிறைய நின்றது" என்பதற்கு மேல் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருப்பதில்லை. எத்தனை நின்றன, எந்த ஆண்டு வரை நின்றன என்று சொல்லக்கூடிய ஒரு கொப்பியை உருவாக்குவது எப்படி என்பதையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதற் படி: ஓர் இடத்தையும் ஒரு நேரத்தையும் முடிவுசெய்தல்

உங்களால் வாரத்தில் இரண்டு நாளாவது தவறாமல் போய் நிற்கக்கூடிய ஓர் இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். அது வீட்டுக் கிணற்றடியாக இருக்கலாம், ஒழுங்கை முடியும் வெறும் வளவாக இருக்கலாம், ஊர்க் குளத்தின் கட்டாகவும் இருக்கலாம். அரிய பறவை வரும் இடமா என்று பார்க்க வேண்டாம்; திரும்பத் திரும்பப் போக முடியுமா என்பதை மட்டும் பாருங்கள். காலை வெயில் ஏறுமுன் 15 நிமிடம் போதும். ஆனால் அந்த 15 நிமிடமும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நேரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு நாளை மற்றொரு நாளோடு ஒப்பிட முடியாது.

இரண்டாம் படி: கொப்பியில் எழுத வேண்டியவை

ஒரு பதிவு பயன்படும் பதிவாக அமைய, என்ன, எங்கே, எப்போது, யார் பார்த்தது என்ற நான்கும் அதில் இருந்தாக வேண்டும். இவற்றோடு எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பதையும் வானிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் தொடங்கிய காலத்தில் திகதியையும் மாதத்தையும் எழுதினேன், ஆண்டை எழுதவில்லை. இடத்துக்கு நேரே "வளவு" என்று மட்டும் போட்டேன். சில ஆண்டுகள் கழித்து அந்தக் கொப்பியை எடுத்தபோது எந்த மாரியில் எந்த வளவில் பார்த்தவை என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு பதிவுகளும் வீணாகிப்போனதை நினைக்க இன்றும் மனம் வலிக்கிறது.

ஆகவே இடத்தை எழுதும்போது ஊர்ப் பெயர், ஒழுங்கை, அருகிலுள்ள கோயில் அல்லது கிணறு ஆகியவற்றோடு, கைத்தொலைபேசியின் வரைபடம் காட்டும் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் எழுதுங்கள். தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்கள் எழுதினால் ஏறத்தாழ 11 மீற்றருக்குள் அந்த இடத்தைக் குறித்தாயிற்று.

எண்ணிக்கையை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். "மைனா" என்று எழுதுவதற்கும் "மைனா 7" என்று எழுதுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. வழக்கமாக நிற்கும் பறவை ஒரு நாள் நிற்காவிட்டால், "செண்பகம் 0" என்று அதையும் எழுதுங்கள். ஓர் உயிரினம் எப்போது மறையத் தொடங்கியது என்பதை அந்தச் சுழியங்களே பின்னாளில் காட்டித்தரும்.

மூன்றாம் படி: அடையாளம் காணுதல்

தொடங்குபவர்கள் அதிகம் தடுமாறுவது இந்தப் படியில்தான், எனவே இதில் சற்று நின்று பேச வேண்டும். முதலில் வளவில் நாள்தோறும் காணும் 10 உயிரினங்களை ஐயமின்றி அறிந்துகொள்ளுங்கள்: காகம், மைனா, புலுனி, செண்பகம், குயில், கிளி, அணில், ஓணான், கீரி, உடும்பு. இவற்றின் அளவு மனத்தில் பதிந்துவிட்டால், புதிதாக ஒன்று வரும்போது "மைனாவிலும் சிறிது", "காகத்திலும் பெரிது" என்று உடனே ஒப்பிட்டு எழுதலாம். நிறத்தை விட அளவும், அலகின் வடிவமும், வாலின் நுனியும், உயிர் நடந்துகொள்ளும் விதமும் நம்பத்தக்க அடையாளங்கள்.

மின்கம்பியில் இருந்தபடி பூச்சிக்குப் பாய்ந்து மீண்டும் அதே கம்பிக்கு வரும் இரட்டைவாற் பறவையை எடுத்துக்கொள்வோம். உடல் முழுவதும் பளபளக்கும் கறுப்பாகவும் வால் ஆழப் பிளந்தும் இருந்தால் அது கரிச்சான். வயிறு வெள்ளையாக இருந்தால் அது அதன் உறவான வெள்ளை வயிற்றுக் கரிச்சான். முழுக் கறுப்புக் கரிச்சான் இலங்கையில் வடக்கு, வடமேற்கு வறண்ட பகுதிகளில்தான் வாழ்கிறது. நமக்கு ஒழுங்கைக்கு ஒன்றாகத் தெரியும் இந்தப் பறவையைக் கொழும்பில் உள்ள ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் காண முடியாது. கவுதாரியும் அப்படிப்பட்டதே. சாதாரணம் என்று நாம் எழுதாமல் விடுபவற்றுள் நாட்டின் மற்றப் பகுதிகளில் இல்லாதவையும் இருக்கின்றன.

இன்னொன்று பனை உழவாரன். மாலையில் பனைகளுக்கு மேலே அரிவாள் போன்ற மெல்லிய சிறகுகளோடு கூட்டமாகச் சுழலும் சிறிய பறவைகளைப் பலர் தகைவிலான் என்று எழுதிவிடுகிறார்கள். தகைவிலான் மாரிக்கு வரும் விருந்தாளி. அது கம்பியில் வரிசையாக இருக்கும். உழவாரன் கம்பியில் இருப்பதே இல்லை. தொங்கும் காவோலையின் அடிப்பக்கத்தில் இறகையும் பஞ்சையும் தன் எச்சிலால் ஒட்டி உள்ளங்கையில் அடங்கும் கூட்டைக் கட்டுகிறது. அந்தப் பறவை ஓலைக்குள் நுழைந்து மறைவதை ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு நீங்கள் அதை வேறொன்றாக எழுத மாட்டீர்கள்.

ஊர்ப் பெயர்களைத் தயங்காமல் எழுதுங்கள். அவையும் பதிவுசெய்யப்பட வேண்டியவையே. நாம் செண்பகம் என்பதைத் தமிழ்நாட்டில் செம்போத்து என்கிறார்கள் என்பதால், குழப்பம் வராமல் சென்ட்ரோபஸ் சைனென்சிஸ் என்ற அறிவியற் பெயரையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். உறுதியில்லாத இடத்தில் ஊகித்துப் பெயர் எழுதுவதை விட, "சிறிய கழுகினம், பெயர் தெரியாது" என்று எழுதுவதே மேல்.

நான்காம் படி: படமும் ஒலிப்பதிவும்

விலையுயர்ந்த கமரா தேவையில்லை. கைத்தொலைபேசியில் எடுத்த மங்கலான படம்கூட வாலையும் அலகையும் காட்டினால் போதும். பூச்சியானால் மேலிருந்து ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் எடுங்கள். செடியானால் இலை, பூ, காய் மூன்றையும் எடுங்கள். பறவை ஓலைக்குள் ஒளிந்திருந்தால் அதன் குரலைப் பதிவுசெய்யுங்கள். கூட்டுக்கு மிக அருகில் போவதும், குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே அழைப்பதும் அதன் இனப்பெருக்கத்தைக் குலைக்கும் செயல்கள். அவற்றைச் செய்யவே வேண்டாம்.

நமது வளவுகளில் நாகமும் புடையனும் உண்டு என்பதால், காய்ந்த ஓலைக் குவியலைக் கையால் கிளறாதீர்கள். பாம்பைத் தூர நின்றே படமெடுங்கள். ஊரை விட்டு வெளியே போகும்போது மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் நிலத்தில் காலை வைக்காதீர்கள். இராணுவ முகாம்களின் அருகில் கமராவை வெளியே எடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: இணையத்தில் சேர்த்தல்

கொப்பியில் மட்டும் இருக்கும் பதிவு கொப்பியோடு அழியக்கூடும். பறவைகளுக்கு ஈபேர்ட், எல்லா உயிர்களுக்கும் ஐநச்சுரலிஸ்ட் என்ற இரண்டு இணையத்தளங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஈபேர்ட் 2002 இலும் ஐநச்சுரலிஸ்ட் 2008 இலும் தொடங்கப்பட்டவை. ஈபேர்டில், ஓரிடத்தில் நின்று பார்த்ததாகப் பதிந்து, அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்த முழுப் பட்டியலாக அதைக் கொடுங்கள்; காகத்தை விட்டுவிட்டுக் கொடுத்தால் அது முழுப் பட்டியல் ஆகாது. ஐநச்சுரலிஸ்டில் படம் அல்லது ஒலி, திகதி, இடம் ஆகியவற்றைக் கொடுத்தால் மற்றவர்கள் பெயரைச் சரிபார்ப்பார்கள். செயலி தானாகக் காட்டும் பெயரை அப்படியே ஏற்காமல், அந்த உயிரினம் இலங்கையில் உண்டா என்று முதலில் பாருங்கள்.

நட்சத்திர ஆமை போலப் பிடித்து விற்கப்படும் உயிரினங்களின் இடத்தையும், எந்தக் கூட்டின் இடத்தையும் வெளிப்படையாகக் காட்டாதீர்கள். ஐநச்சுரலிஸ்டில் இடத்தை மறைக்கும் தெரிவு உண்டு; அதைத் தெரிவுசெய்தால் பல கிலோமீற்றர் அகலமான ஒரு சதுரத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைத்தான் மற்றவர்கள் காண்பார்கள்.

ஆறாம் படி: பதிவைப் பாதுகாப்புக்குப் பயன்படுத்தல்

ஓராண்டுப் பதிவு சேர்ந்தால் சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் காலமும் மாரியும் எப்படி வேறுபடுகின்றன என்பது உங்களுக்கே தெரியத் தொடங்கும். அப்போது பேசும் தகுதியும் வந்துவிடும். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் குளங்கள் மழைநீரை நிலத்துக்குள் இறக்கிக் கிணறுகளைக் காக்கின்றன என்பதை நம் மக்கள் அறிவார்கள். ஆனால் குளத்தைத் திருத்தும்போது சுற்றிவரக் கல்லால் கட்டிப் புல்லையெல்லாம் வாரிவிடுகிறார்கள். முக்குளிப்பான் நீர்ச்செடிகளைக் கொண்டு மிதக்கும் கூடு கட்டும் பறவை. "இந்தக் குளத்தின் மேற்கு மூலையில் இத்தனை மாதம் இத்தனை முக்குளிப்பான் நின்றன, அந்த மூலையை மட்டும் விட்டுவையுங்கள்" என்று திகதியோடு பிரதேச சபைக்கு எழுதும் கடிதத்துக்கு, வெறும் வேண்டுகோளுக்கு இல்லாத பலம் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் கடிதம் தேவையில்லை. எங்கள் பக்கத்து வளவில் ஓலை வெட்ட ஆள் வந்த காலையில், நான் கொப்பியை எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டு ஐயாவிடம், மூன்று வாரமாகக் கிழக்கு வேலிப் பனையில் ஆறு உழவாரன்கள் காவோலைக்குள் போய்வருவதை நாள் வாரியாக வாசித்துக் காட்டினேன். அவர் மேலே பார்த்தார்; ஒன்று நுழைவதை அவரும் கண்டார். "தம்பி, அந்தப் பனையை இப்ப விடு, மற்றதுகளை வெட்டு" என்று ஏறப் போனவரிடம் சொன்னார். அடுத்த பக்கத்தில் நான் அன்றைய திகதியை ஆண்டோடு எழுதினேன்: பனை உழவாரன் 6.