மெடிக்கல் படிப்பை வீடியோவிலும் ஆடியோவிலும் படிக்க

மண்ணடி, ராயபுரம் பக்கம் சின்ன வீட்டில் இருந்துகொண்டு ஸ்டான்லி மெடிக்கல் காலேஜுக்குப் போய்வருகிறீர்கள் என்றால், விடியற்காலை ஃபஜ்ர் தொழுததும் மறுபடி படுக்காதீர்கள், வீடு விழிப்பதற்குள் ஒரு வீடியோ வகுப்பு முடிந்துவிடும். பார்த்தால் மட்டும் போதாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கேட்டதை வாய்விட்டுச் சொல்லுங்கள், வரவில்லையா, ரீவைண்ட். ஆடியோ பஸ்ஸுக்கு. மருந்துகளின் பக்கவிளைவுகள் காதிலேயே ஏறிவிடும், ஆனால் படம் இல்லாமல் கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்ஸஸைக் கேட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

இதய ஒலிகளுக்கு இயர்போன் கட்டாயம். இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிப்போகிற மைட்ரல் ஸ்டெனோசிஸின் உருமல் ரொம்பத் தாழ்ந்த ஒலி, போன் ஸ்பீக்கரில் பெரும்பாலும் விழாது. இதயத் துடிப்பின் லப்-டப் சத்தத்தில் லப்புக்கும் டப்புக்கும் நடுவே இடைவெளி சின்னது, டப்புக்குப் பிறகு நீளம். அந்த நீளமான இடத்தில் உருமல் வந்தால் டயஸ்டாலிக், அதாவது இதயம் தளர்ந்து ரத்தம் நிரம்பும்போது வருவது. நாடி வேகமாக ஓடும்போது இந்தக் கணக்கு உதவாது, அப்போது வார்டில் கழுத்து நாடியில் விரல் வைத்துத்தான் லப்பைப் பிடிக்கவேண்டும். நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச்சொல்லி, ஸ்டெதஸ்கோப்பின் கிண்ணம் மாதிரிப் பக்கமான பெல்லை இதய நுனி துடிக்கும் அபெக்ஸில் லேசாக வையுங்கள், அழுத்தினால் அது தட்டைப் பக்கமான டயாஃப்ரம் மாதிரி ஆகி உருமல் போயே போய்விடும். காலையில் கேட்டதை அன்றைக்கே வார்டில் தேடுங்கள்.

அப்புறம் அமானிதம், அதாவது நம்மை நம்பி ஒப்படைத்தது. நோயாளி நம்மிடம் காட்டுவதும் சொல்வதும் அமானிதம்தான், அதனால் வார்டில் உங்கள் போனில் எதையும் படம்பிடிக்காதீர்கள், பெயர் தெரிகிற எக்ஸ்ரேயை குரூப்பில் போடாதீர்கள். முகத்தை மறைத்துவிட்டோமே என்பார்கள். நம்ம ஏரியாவில் கையில் குத்திய பச்சையைப் பார்த்தே யாரென்று சொல்லிவிடுவார்கள். ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில் பிரசவ போஸ்டிங் வருவதற்கு முன் பிரசவ வீடியோ பார்க்கத்தான் வேண்டும், படிப்புக்காகப் பார்ப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, ஆனால் தனியாக உட்கார்ந்து பாருங்கள், வேடிக்கைக்காக யாருக்கும் அனுப்பாதீர்கள்.

டெலிகிராமில் சுற்றும் திருட்டு கோர்ஸ் பற்றிக் கேட்பீர்கள். அது அடுத்தவர் ஹக், அதாவது அவருக்குரிய உரிமை, காசில்லை என்பதால் ஹலால் ஆகிவிடாது. யூடியூபிலேயே பேராசிரியர்கள் இலவசமாக நிறையப் போட்டிருக்கிறார்கள், முதலில் அதை முடியுங்கள்.

ரமலானில் மட்டும் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்: கடினமான வீடியோவை விடியலுக்கு முந்தைய ஸஹர் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொண்டு, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தலை ஓடாத நேரத்தில் பழைய ஆடியோவைத் திரும்பக் கேட்டால் போதும்.