சைனஸ் ஆபரேஷனுக்குப் பின்: மூச்சு வருகிறது என்று உப்புநீரால் மூக்கைக் கழுவுவதை நிறுத்தாதீர்கள்

எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பயிற்சி டாக்டர்கள் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது, “அடைப்பு எடுத்தாச்சு, சளி இனி தானா வடியும்” என்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் நாங்களும் சொன்ன வசனம்தான், ஆனால் சளி உடனே தானாக வடிந்துவிடாது. மூக்கைச் சிந்தாதீர்கள், கனம் தூக்காதீர்கள் என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் தாளிலேயே இருக்கும், அதை விடுகிறேன். வீட்டுக்குப் போனபின் நடக்கும் மற்றத் தவறுகள் இவை.

கழுவுவதைப் பாதியில் விடுவது

கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸுக்கு வாசல் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. உட்சவ்விலுள்ள குற்றிழைகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள், துடித்துத் துடித்துச் சளியை மேல்நோக்கித் தள்ளினால்தான் அது வெளியேறும். கீழே புதிதாக ஓட்டை போட்டாலும் சளி அதைத் தாண்டி இயற்கை வாசலுக்கே போகிறது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் காது மூக்கு தொண்டை மருத்துவர் வால்டர் மெசர்கிளிங்கர் இதை எண்டோஸ்கோப்பில் பார்த்துக் காட்டினார். இன்றைய ஆபரேஷன் அந்த வாசலைத்தான் அகலப்படுத்துகிறது. அதனால் காற்றுக்கு உடனே வழி கிடைத்துவிடும். பல வருட அழற்சியில் சேதமான குற்றிழைகள் மீள்வதற்கு வாரங்கள், பலருக்கு மாதங்கள் ஆகும். சவ்வு உரிந்துபோன இடத்தில் இன்னும் தாமதம்.

அதுவரை சளியை வெளியேற்றும் வேலை உப்புநீருடையது. ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் ஒருவர், மூச்சு நன்றாக வந்ததும் உப்புநீர் பாட்டிலை ஓரம் கட்டிவிட்டார். இரண்டு மாதம் கழித்துத் துர்நாற்றத்தோடு வந்தார். உள்ளே பார்த்தால் பசை போலச் சளி, பொருக்கு, நடுச்சங்கு எனும் மூக்கின் உள்மடிப்புக்கும் பக்கச் சுவருக்கும் இடையே ஒட்டிக்கொண்ட தழும்பு. அதை வெட்டிப் பிரிக்க வேண்டியதாயிற்று. “மூச்சு நல்லாத்தானே வந்துச்சு டாக்டர்” என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மருந்துச் சீட்டில் உப்புநீருக்கு எதிரே “தேவைப்பட்டால்” என்று எழுதியிருந்தது. அதைப் படிப்பவர் தேவைப்படவில்லை என்றுதானே முடிவு செய்வார்? எத்தனை முறை சொன்னாலும் இந்த ஒரு வார்த்தை சீட்டில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. சீட்டில் அப்படி இருந்தால் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: தினம் எத்தனை தடவை, எந்தத் தேதி வரை? ஸ்டீராய்டு ஸ்பிரேக்கும் இதே கேள்விதான். மூக்கில் சதை வளர்ந்திருந்தவர்கள் அதை நெடுநாள் தொடர வேண்டியிருக்கும்.

குழாய்த் தண்ணீர்

கூடாது. உப்புநீர் கலக்கக் கொதித்து ஆறிய நீர் அல்லது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய் நீரில் மூளையைத் தின்னும் அமீபா இருப்பது அபூர்வம்தான், ஆனால் மூக்கு வழியே போய்விட்டால் பிழைப்பவர் மிகக் குறைவு.

அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து

சைலோமெட்டாசோலினை டாக்டர் சொன்ன நாட்களைத் தாண்டிப் போட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும்.

டாக்டர் மூக்கைச் சுத்தம் செய்யும் நாளுக்கு வராமலிருப்பது

கொஞ்சம் வலிக்கும். வாருங்கள்.

சிகரெட்

விடுங்கள்.

மூக்கில் ஒழுகும் எல்லாத் தண்ணீரையும் உப்புநீர் என்று நினைப்பது

கழுவிய பிறகு கொஞ்ச நேரம் சொட்டுவது சகஜம். கழுவாத நேரத்தில், குனியும்போது ஒரு பக்கம் மட்டும் தெளிந்த நீர் ஒழுகினால் அது மூளையைச் சுற்றியுள்ள திரவமாக இருக்கலாம். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.