நீருக்கடியில் காற்று தீர்ந்தால் செய்ய வேண்டியவை

நீருக்கடியில் மூச்சுவிட உதவும் ஸ்கூபா கருவி பழுதாகிக் காற்று நின்றுபோவது அரிது. அழுத்தமானியைப் பார்க்காமல் விட்டதால் காற்று தீர்ந்துபோவதே வழக்கம். சிலிண்டரில் 50 பார் (அழுத்த அலகு) காற்று மீதமிருக்கும்போதே மேற்பரப்பில் இருக்க வேண்டும் என்ற விதியை, இன்னும் ஒரு மீனைப் பார்த்துவிடலாம் என்ற ஆசைதான் பெரும்பாலும் மீறவைக்கிறது.

முதல் வேலை படகிலேயே தொடங்குகிறது. ரெகுலேட்டரில், அதாவது சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவியில், நான்கைந்து முறை மூச்சிழுத்தபடி அழுத்தமானியைக் கவனியுங்கள்; ஒவ்வொரு மூச்சுக்கும் முள் இறங்கி ஏறினால் சிலிண்டர் வால்வு முழுமையாகத் திறக்கவில்லை என்று பொருள். உங்களோடு சேர்ந்து மூழ்கும் துணைவரின் ஆக்டோபஸ், அதாவது மஞ்சள் நிறத்தில் இருக்கும் உபரி ரெகுலேட்டர், எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீருக்கடியில் காற்று வரவில்லையெனில், விரித்த கையைக் கழுத்துக்குக் குறுக்கே வெட்டுவதுபோல் அசைத்துக் காட்டியபடி துணைவரிடம் செல்லுங்கள். ஆக்டோபஸை வாயில் வைத்ததும் முதலில் மூச்சை வெளியே விட்டு, உள்ளிருக்கும் நீரை வெளியேற்றுங்கள்; விட மூச்சே இல்லையெனில் அதன் நடுவிலுள்ள பொத்தானை அழுத்தினால் போதும். ஒருவர் கையை மற்றவர் பற்றிக்கொண்டு, மூச்சு சீரானபின், நிமிடத்துக்கு சுமார் 9 மீட்டர் வேகத்தில் ஏறுங்கள். ஒரே சிலிண்டரை இருவர் பகிர்வதால், போதிய காற்று இருந்தால் மட்டுமே 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கலாம்.

துணைவர் எட்டாத தொலைவில் இருந்து, நீங்களும் சுமார் 9 மீட்டருக்குள் இருந்தால், தனியாக நீந்தி ஏறலாம். மேலே பார்த்தபடி, ஒரு கையைத் தலைக்கு மேல் நீட்டி, மறு கையால் மிதவைச் சட்டையின் (காற்று நிரப்பி மிதக்க உதவும் சட்டை) குழாயை உயர்த்தி அதிலுள்ள காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுங்கள். வழி நெடுக ‘ஆ...’ என்று ஒலியெழுப்பி மூச்சை விட்டுக்கொண்டே வர வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரு மடங்காக இருப்பதால், அங்கே நுரையீரலை நிரப்பிய காற்று மேலே வரும்போது இரு மடங்காக விரியும். மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழிந்து குருதியில் குமிழிகள் புகலாம், அதற்கு ஓரிரு மீட்டர் ஆழமே போதும். ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்காதீர்கள்: சுற்றியுள்ள அழுத்தம் குறையக் குறைய, காலி என்று நினைத்த சிலிண்டரிலிருந்தும் ஒரு மூச்சு கிடைக்கலாம். எடைப்பட்டையைக் கழற்றி மேலெழுவது வேறு வழியே இல்லாதபோது மட்டும். அந்த வேகத்தைக் கட்டுப்படுத்துவது மிகக் கடினம்.

மேலே வந்ததும் மிதவைச் சட்டையை வாயால் ஊதி நிரப்புங்கள், ஏனெனில் சிலிண்டர் காலியானால் சட்டைக்குக் காற்று நிரப்பும் பொத்தான் பயன்படாது. அப்போதும் மிதக்கச் சிரமமாக இருந்தால் எடைகளைக் கழற்றிவிடுங்கள். நெஞ்சுவலி, மரத்துப்போதல், பேச்சுக் குழறல் தென்பட்டால் உடனே ஆக்சிஜன் கொடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.