உறுதியை ஒட்டாதீர்கள், சாட்சியைத் தேடுங்கள்

கிளிநொச்சியில் ஒரு சட்டத்தரணியிடம் லிகிதராக வேலை செய்கிறேன். காணி வழக்கென்று வருபவர்கள் முதலில் பொலித்தீன் பையைத்தான் மேசையில் வைப்பார்கள். 2009இல் போர் முடிந்தபோது உடுத்த உடுப்போடு வந்தவர்களும் அந்தப் பையை விடவில்லை. பரந்தன் பக்கத்து அம்மா ஒருவர் உறுதியை, அதாவது காணியின் உரிமைப் பத்திரத்தை, விரித்தார். கிழிந்த மடிப்பில் ஒட்டியிருந்த செலோடேப் மஞ்சளாகி, சரியாகச் சாட்சியின் கையெழுத்துக்கு மேலே கிடந்தது. தயவுசெய்து ஒட்டவோ லெமினேட் செய்யவோ வேண்டாம். அப்படியே கோவைக்குள் வையுங்கள்.

அப்புறம் கடைசிப் பக்கத்தை வாசியுங்கள். இரண்டு சாட்சிகளின் பெயரும், உறுதியை முடித்துக்கொடுத்த நொத்தாரிசின் அத்தாட்சியும் அங்கேதான் இருக்கும். எதிர்த்தரப்பு "கள்ள உறுதி" என்று வழக்காடினால், அந்தச் சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும். காணியை எழுதிக்கொடுத்தவரை நேரில் அறிந்த நொத்தாரிசு என்றால் அவரும் வரலாம். வன்னியில் பெரிய கஷ்டமே இதுதான்: ஒரு சாட்சி செத்திருப்பார், மற்றவர் கனடாவில். அதற்குச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 69ஆம் பிரிவு இருக்கிறது. ஒரு சாட்சியின் கையெழுத்தும், எழுதிக்கொடுத்தவரின் கையெழுத்தும் அவரவருடையவைதான் என்று காட்ட வேண்டும். அந்தக் கையெழுத்துகளைப் பார்த்துப் பழகியவர் வந்து சொல்லலாம். அந்த அம்மாவின் சாட்சி காலமான ஓர் ஆசிரியர். அவர் ஒப்பமிட்ட பழைய தேர்ச்சி அறிக்கையை மகள் வைத்திருந்தாள். இரண்டிலும் 'க' ஒரே மாதிரி வளைந்திருந்ததைப் பார்த்து எனக்கே நெஞ்சு நிறைந்தது.

உறுதிக்கு 30 வருடம் கடந்துவிட்டதா என்றும் பாருங்கள். இருக்க வேண்டியவர் கையிலிருந்தே அது வந்திருந்தால், அதே சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அதை உண்மையென்று அனுமானிக்கலாம். யார் பெட்டியில், எந்த இடப்பெயர்வில், எப்படி வந்தது என்று இப்போதே எழுதி வையுங்கள்.

உறுதியே தொலைந்துவிட்டதா? நொத்தாரிசு இரட்டைப் பிரதியொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருப்பார். அங்கே அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுங்கள். சமாதான நீதவான் சீல் குத்திய போட்டோக்கொப்பி அதற்கு ஈடாகாது. தொலைந்த கதையையும் சாட்சியத்தில் சொல்ல வேண்டும். உறுதியல்ல, அரச காணிக்கான போமிற் (அனுமதிப்பத்திரம்) என்றால் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

போனில் பதிந்த பேச்சு இருந்தால் போனை விற்காதீர்கள், எதையும் வெட்டாதீர்கள். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டப்படி, அதைச் சான்றாகக் காட்டப்போவதாக, விளக்கத் (வழக்கு விசாரணை) திகதிக்கு 45 நாளுக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் போக வேண்டும். திகதி குறித்த அன்றே உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லிவிடுங்கள்.