எல்விஎம் வால்யூம் எந்த டிஸ்க்கில் வளர வேண்டும் என்பதை விதியாக எழுதிவைக்கும் முறை

லினக்ஸில் எல்விஎம் (லாஜிக்கல் வால்யூம் மேனேஜர்) பல டிஸ்க்குகளின் இடத்தை ஒன்றாகச் சேர்த்து, அதிலிருந்து வால்யூம் எனப்படும் பகுதிகளை ஒதுக்கித் தருகிறது. அது டிஸ்க்கில் உள்ள இடத்தை எக்ஸ்டெண்ட் எனப்படும் சம அளவுத் துண்டுகளாகப் பிரித்துக் கையாள்கிறது. ஒரு துண்டின் வழக்கமான அளவு 4 எம்பி என்பதால், 50 ஜிபி கேட்டால் 12,800 துண்டுகளை எங்கிருந்து எடுப்பது என்று அது முடிவு செய்தாக வேண்டும். ஒரே வால்யூம் குரூப்பில், அதாவது ஒன்றாகச் சேர்க்கப்பட்ட டிஸ்க்குகளின் தொகுப்பில், இரண்டு எஸ்எஸ்டிகளும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும் கலந்திருக்கும்போதுதான் இந்த முடிவு நமக்கு முக்கியமாகிறது.

டேட்டாபேஸுக்கான வால்யூமை உருவாக்கும்போது, எல்விகிரியேட் கட்டளையின் இறுதியில் எஸ்எஸ்டியின் பெயரைக் கொடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பெயர் அந்த ஒரு கட்டளைக்கு மட்டுமே செல்லும். எல்விஎம் அதை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. சில மாதங்கள் கழித்து வேறொருவர் வால்யூமை விரிவாக்க எல்விஎக்ஸ்டெண்ட் கொடுக்கும்போது எஸ்எஸ்டி நிரம்பியிருந்தால், மீதி இடம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஹார்ட் டிஸ்க்கில் ஒதுக்கப்பட்டுவிடும்.

இதற்குக் காரணம், வால்யூம் குரூப்புக்கு இயல்பாக அமைந்திருக்கும் நார்மல் என்ற விதி. அது முதலில் ஒட்டிய இடத்தையும், பிறகு அதே டிஸ்க்கையும் தேடிப் பார்த்து, கிடைக்காதபோது மற்ற டிஸ்க்குகளுக்குச் செல்கிறது. கன்டிகுவஸ் விதியோ, ஏற்கெனவே உள்ள துண்டுகளை அடுத்தே இடம் வேண்டும் என்று கேட்பதால் விரிவாக்கத்துக்குப் பெரும்பாலும் உதவாது. எனிவேர் விதி, வெவ்வேறு டிஸ்க்குகளில் பிரித்து எழுதப்பட வேண்டிய இரண்டு ஸ்ட்ரைப்புகளை ஒரே டிஸ்க்கில் வைக்கவும் அனுமதிக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது. நமக்குத் தேவையானது கிளிங்: இது, வால்யூம் ஏற்கெனவே இருக்கும் டிஸ்க்கிலேயே இடம் தேடும்.

ஆனால் இரண்டாவது எஸ்எஸ்டியையும் அது ஏற்க வேண்டுமானால் டேக், அதாவது டிஸ்க்குக்கு நாம் இடும் அடையாளப் பெயர், தேவை. பிவிசேஞ்ச் கட்டளையின் ஆட்டேக் விருப்பத்தின் மூலம் இரண்டு எஸ்எஸ்டிகளுக்கும் ஃபாஸ்ட் என்றும், ஹார்ட் டிஸ்க்குகளுக்கு ஸ்லோ என்றும் டேக் இடுங்கள். எல்விஎம்மின் கான்ஃபிக் கோப்பில், அலொகேஷன் பகுதியில் உள்ள கிளிங் டேக் பட்டியலில் இந்த இரண்டையும் முன்னால் @ குறியிட்டு எழுதுங்கள். பிறகு எல்விசேஞ்ச் கட்டளையில் அலாக் விருப்பத்துக்குக் கிளிங் என்று கொடுத்தால் அந்த விதி வால்யூமோடு சேர்ந்தே பதிவாகிவிடும். இனி விரிவாக்கும்போது முதல் எஸ்எஸ்டியில் இடம் இல்லாவிட்டால், அதே டேக் உள்ள இரண்டாவது எஸ்எஸ்டிக்கு எல்விஎம் செல்லும். அங்கும் இடம் இல்லாவிட்டால், போதுமான துண்டுகள் இல்லை என்று கட்டளை தோல்வியடையும். சத்தமில்லாமல் இடம் மாறுவதைவிட இந்தத் தோல்வி எவ்வளவோ மேல்.

உண்மையாக விரிவாக்கும் முன் டெஸ்ட் விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எல்விஎஸ் காட்டும் ஆட்ரிபியூட் வரிசையின் மூன்றாவது எழுத்து ஒதுக்கீட்டு விதியைக் குறிக்கும். சிறிய எல் இருந்தால் கிளிங், ஐ இருந்தால் குரூப்பின் விதியையே பின்பற்றுகிறது என்று பொருள். அதே கட்டளையில் டிவைசஸ் என்ற பத்தியையும் சேர்த்துக் கேட்டால், ஒவ்வொரு பகுதியும் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்பது தெரியும். ஏற்கெனவே ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்விட்ட பகுதியை, வால்யூமின் பெயரைக் குறிப்பிட்டு பிவிமூவ் கொடுத்து, ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆகியிருக்கும்போதே எஸ்எஸ்டிக்குத் திரும்பக் கொண்டுவரலாம்.