ஆட்டிசம் ஆய்வுக்கு நிதி: தருமபுரி, கிருஷ்ணகிரி பிஎச்.டி. மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

உதவித்தொகைத் திட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பிப்பதில்தான் முதல் சறுக்கல். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய ஃபெல்லோஷிப், குறைந்தது 40 சதவீதக் குறைபாட்டுக்குச் சான்றிதழ் வைத்திருக்கும் மாணவருக்கு உரியது. தலைப்பு ஆட்டிசம் என்பதற்காக அதில் இடம் கிடைக்காது. உளவியல், சமூகப்பணி, கல்வியியல் மாணவர்கள் பார்க்க வேண்டியவை பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை), இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். தரும் ஃபெல்லோஷிப். இரண்டையும் ஒரே சமயத்தில் வாங்க முடியாது.

ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய். அது சாப்பாட்டுக்கும் குடும்பத்துக்கும் போய்விடும். ஆய்வுச் செலவுக்கென வரும் கண்டின்ஜென்சி, சமூக அறிவியல் துறைகளுக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 10,000 ரூபாய்தான். குழந்தையோடு விளையாடிக் கவனித்து ஆட்டிசத்தைக் கண்டறிய உதவும் ஏடாஸ்-2 கருவிப் பெட்டியோ லட்சத்தைத் தாண்டும். பயிற்சிக்குத் தனிச் செலவு. தனியாக ஆய்வு நிதிக்கு விண்ணப்பித்தாலும், ஆட்டிசத்தை மதிப்பிட நம் நாட்டிலேயே உருவான, 40 கூறுகள் கொண்ட ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோல் கையில் இருக்க, அந்தப் பெட்டியைக் கேட்டால் காரணம் எழுதியாக வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. நூற்றில் ஒருவருக்கு ஆட்டிசம் என்று தாராளமாக வைத்தாலும், ஊத்தங்கரைப் பக்கம் 1,000 குழந்தைகளைச் சோதித்தால் பத்துப் பேர்தான் தேறுவார்கள். பள்ளி பள்ளியாக அலைந்து 60 பேரைத் திரட்டுவதாக எழுதினால் பட்ஜெட் அங்கேயே உடையும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வட்டார வள மையச் சிறப்பாசிரியர்கள் வழியாகச் சேர்ப்பதாக எழுதுங்கள்.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது மொழியில். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் ஏராளம். தமிழ் வினாத்தாளோடு மட்டும் போனால், தமிழ் பழகாத குழந்தையின் தயக்கம் பேச்சுத் தாமதமாகப் பதிவாகிவிடும். மொழிபெயர்ப்பு, இன்னொருவரை வைத்துத் திரும்ப மொழிபெயர்த்துச் சரிபார்த்தல், சில பெற்றோரிடம் முன்சோதனை என மூன்றுக்கும் பட்ஜெட்டில் தனித்தனி வரி வேண்டும்.

பயணச் செலவும் அப்படித்தான். சித்தேரி மலையிலிருந்து தருமபுரிக்குக் குழந்தையைக் கூட்டி வரும் தாய்க்கு பஸ் கட்டணத்தோடு அன்றைய கூலியும் போகிறது. ‘பயணம்: 60,000’ என்று மொத்தமாக எழுதினால் வெட்டுவார்கள். 60 குடும்பம், 2 வருகை, வருகைக்கு 500 ரூபாய் என்று பிரித்துக் காட்டினால் அதே தொகைக்குக் கேள்வி வராது.

அனுமதிகளைப் பணம் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைப்படி பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. 7 முதல் 12 வயதுவரை குழந்தையின் வாய்மொழிச் சம்மதம், அதற்குமேல் 18 வரை எழுத்துச் சம்மதம் வேண்டும். பேசாத குழந்தையிடம் அதை எப்படி அறிவீர்கள் என்று நெறிமுறைக் குழு நிச்சயம் கேட்கும். படம் காட்டிக் கேட்பது, முகம் திருப்பினால் நிறுத்துவது என்று முன்பே எழுதி வையுங்கள். பள்ளிகளுக்குள் போக முதன்மைக் கல்வி அலுவலரின் கடிதம் வேண்டும்; பொதுத்தேர்வு நேரத்தில் கேட்டால் நகராது.

பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் தராமல் அடுத்த தவணை வராது. ஆட்டோவுக்கு பில் கிடைக்காது. வவுச்சரில் தேதி, இடம், தொகை எழுதி அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.